டீச்சரைக் கேளுங்கள்: அங்கிள் என்றால் எந்த மாமா?

சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டு மனிதர்களைப் பற்றி ஆங்கிலத்தில் பேசக் கற்றுக்கொடுப்பதில் என்ன சிரமம் என்று போன இதழில் கேட்டிருந்தேன். கடிதங்கள் நிறையவே வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஐந்தாக்கியிருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 34 வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

*மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ‘மை ஃபேமிலி’ பாடத்தில் பத்து வரியையும் பிள்ளைகள் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கிறார்கள். நடுவில் நிறுத்தி, ‘ஹூ இஸ் யுவர் சிஸ்டர்?’ என்று கேட்டால் அப்படியே நிற்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?*
— ஆசிரியை, அரியலூர் மாவட்டம்

உங்கள் பிள்ளைகள் அந்தப் பத்து வரியை யாரிடமும் சொல்லவில்லை டீச்சர். ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். பாட்டு மாதிரி முதல் வரியிலிருந்து ஓடினால்தான் வரும். நடுவில் பிடித்தால் அறுந்துவிடும். அதோடு, தன் அப்பா பெயர் டீச்சருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும், வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. தெரிந்த ஆளிடம் தெரிந்ததையே எதற்குச் சொல்ல வேண்டும்?

கேட்பவருக்கு உண்மையிலேயே பதில் தெரியாத ஒரு கேள்வி வேண்டும். எங்கள் ஊரில் அதற்குத் தீப்பெட்டி உதவியது. பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். காலிப் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. ஆளுக்கொரு பெட்டி. அதுதான் வீடு. உள்ளே இருக்கும் தட்டில், வீட்டில் உள்ளவர்களைச் சின்னச் சின்னத் தாளில் வரைந்து வைக்க வேண்டும். மூடிவிட்டால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாது. அவள் கொஞ்சமாக இழுப்பாள். ஒரு தலை தெரியும். ‘ஹூ இஸ் திஸ்?’ ‘திஸ் இஸ் மை தாத்தா.’ இன்னும் கொஞ்சம் இழுப்பாள். ‘ஹூ இஸ் திஸ்?’ வகுப்பே கலகலவென்று இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள்.

முதல் வாரம் இந்த இரண்டு வாக்கியம் போதும். ஆனால் இந்த இரண்டுக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது. நம் பிள்ளைகள் ‘என் அம்மா’ என்று சொல்வதில்லை, ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்வார்கள். கூடப் பிறந்தவர் யாருமே இல்லாத பிள்ளைக்கும் ‘எங்க அம்மா’தான். அதனால் ஆங்கிலத்தில் ‘திஸ் இஸ் அவர் மதர்’ என்று வரும். அது கவனக்குறைவு இல்லை, வீட்டுப் பேச்சை அப்படியே கொண்டு வருகிறார்கள். ‘நாம எங்க அம்மான்னு சொல்றோம், அவங்க மை மதர்ன்னு சொல்றாங்க’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ‘மை’ சொல்ல வையுங்கள். இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் வாரம் ‘ஐ ஹேவ்’. இதுதான் கடினம். ‘எனக்கு ஒரு தம்பி இருக்கான்’ என்பதில் ‘ஹேவ்’ என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. அதனால் பிள்ளை ‘மீ ஒன் பிரதர் இஸ்’ என்று அடுக்கும். தமிழ் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ‘இதை ஆங்கிலத்தில் சொல்லு’ என்று கேட்காதீர்கள். பெட்டியைத் திறந்து எண்ண வையுங்கள். ‘ஐ ஹேவ் ஒன் பிரதர், டூ சிஸ்டர்ஸ்.’ கையில் இருப்பதை எண்ணிச் சொன்னால் ஹேவ் தானாக ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று. ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்பது பெரும்பாலும் பிள்ளைகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது. சாப்பிடுகிறேன், ஓடுகிறேன் மாதிரி நடந்துகொண்டிருக்கும் வேலை இல்லையே உறவு. நாம் முதலில் நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள்.

ஒருமுறை ஒரு பையன் பெட்டிக்குள் ஆட்டுக்குட்டியை வரைந்து வைத்திருந்தான். பக்கத்தில் இருந்தவள் ‘இது ஃபேமிலி இல்ல டீச்சர்’ என்று சண்டைக்கு வந்துவிட்டாள். நான் இருக்கட்டும் என்றேன். ‘திஸ் இஸ் மை கோட்’ என்று யாரும் கேட்காமலேயே நாலு பேரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத பையன்.

*மகள் முதல் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் குடும்ப மரம் ஒட்டி வரச் சொன்னார்கள். என் தம்பி படத்துக்குக் கீழே ‘மை மாமா’ என்று அவளே எழுதினாள். அதைச் சிவப்பு மையில் அடித்து ‘அங்கிள்’ என்று திருத்தி அனுப்பிவிட்டார்கள். ‘மாமா தப்பாம்மா?’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது?*
— வாசகி, கோவை

தப்பில்லை என்று சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அந்த ஆசிரியை மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கற்றுத்தர வேண்டிய சொல் அங்கிள், அதை எழுதியிருக்கிறார். ஆனால் அடித்த கோடு பிள்ளையின் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரியும். மாமா என்ற ஆளையே அடித்த மாதிரி. ஒரு சொல்லைப் பக்கத்தில் சேர்க்கலாம். இருப்பதை அடிக்கக் கூடாது.

உங்கள் மகள் கொஞ்சம் வளர்ந்ததும் சொல்வதற்கு ஒரு செய்தி தருகிறேன். ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல மாமாவையும் சித்தப்பாவையும் தனித்தனிச் சொல்லால்தான் அழைத்தார்கள். பழைய ஆங்கிலத்தில் தாய்மாமனுக்கு ஒரு சொல், அப்பாவின் சகோதரனுக்கு வேறு சொல். அத்தைக்கு ஒன்று, அம்மாவின் சகோதரிக்கு ஒன்று. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு பிரெஞ்சிலிருந்து வந்த அங்கிளும் ஆன்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நான்கு சொற்களின் இடத்தையும் எடுத்துக்கொண்டன. அந்தப் பிரெஞ்சுச் சொற்களுக்கு வேர் லத்தீன். அங்கே ‘அவுங்குலுஸ்’ என்றால் அம்மாவின் சகோதரன் மட்டும்தான். ‘அமிட்டா’ என்றால் அப்பாவின் சகோதரி. ஆக, அங்கிள் பிறந்தபோது மாமாவாகத்தான் பிறந்தது, ஆன்ட் அத்தையாகத்தான் பிறந்தது. உங்கள் மகள் எழுதியது அந்தச் சொல்லின் பிறந்த வீட்டு அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஓர் அறிஞர். உலகத்து மக்கள் உறவினரை எப்படி அழைக்கிறார்கள் என்று திரட்டி 1871இல் பெரிய நூலாக வெளியிட்டார். நியூயார்க் பகுதியின் பூர்வகுடிகளான செனகா மக்களின் முறையும் தமிழர் முறையும் அவ்வளவு ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். அங்கேயும் அப்பாவின் அண்ணன் தம்பி அப்பாதான், அம்மாவின் அக்கா தங்கை அம்மாதான். நம் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா எல்லாவற்றிலும் அப்பாவும் அம்மாவும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் இல்லையா, அதே கணக்கு. சித்தப்பா என்றால் சின்ன அப்பா. அவரை ‘அங்கிள்’ என்று சொல்லும்போது பிள்ளைக்கு ஏதோ குறைகிற மாதிரி இருப்பது நியாயம்தான்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். படத்துக்குக் கீழே ‘மை மாமா’ இருக்கட்டும். அடுத்த வரியில் ‘ஹீ இஸ் மை மதர்ஸ் யங்கர் பிரதர்’ என்று சேர்த்து எழுத வையுங்கள். சொல்லுக்குப் பின்னால் எஸ் போட்டு ‘இன்னாருடைய’ என்று காட்டுவதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. பெரியப்பா, ‘மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்’. அத்தை, ‘மை ஃபாதர்ஸ் சிஸ்டர்’. அங்கிள் ஒரே சொல்லில் முடிந்துவிடும், இது முழு வாக்கியத்தைப் பேச வைக்கும்.

பிரதர் என்றதும் நம் பிள்ளைகள் ‘அண்ணனா, தம்பியா?’ என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்க முடியாது. வீட்டில் பேசுகிற தமிழில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லையே. ஆங்கிலத்தில் அது சொல்லாமலே போகலாம், வேண்டுமென்றால் எல்டர், யங்கர் என்று முன்னால் சேர்க்கலாம் என்பதைத் தனியாக ஒருநாள் சொல்லிக்கொடுங்கள்.

*இல்லம் தேடிக் கல்வி மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ‘கசின் பிரதர்’, ‘ஓன் பிரதர்’ என்று சொல்வது தவறு என்கிறார்கள். நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்?*
— கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

நாம் சொல்கிறோம், நமக்குப் புரிகிறது. வெளிநாட்டு ஆளிடம் பேசும்போது கசின் என்றாலே போதும். பிரதர் என்றாலே கூடப் பிறந்தவன்தான், ‘ஓன்’ தேவையில்லை. பிள்ளைகளுக்கு இந்த அளவு போதும்.

ஏன் அப்படிச் சொல்லத் தோன்றுகிறது என்பதை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். நமக்குச் சித்தப்பா மகன் தம்பிதான். அவனை வெறும் கசின் என்று தள்ளி வைக்க மனம் வருவதில்லை, பிரதரையும் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் அத்தை மகனை யாரும் தம்பி என்பதில்லை, அவர் அத்தான் அல்லது மச்சான். கசின் என்ற சொல் இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்கிறது. அதனால் ‘ஹீ இஸ் மை கசின். ஹீ இஸ் மை ஃபாதர்ஸ் சிஸ்டர்ஸ் சன்’ என்று நீட்டிச் சொல்லப் பழக்குங்கள். பிள்ளைகளுக்கு இது விடுகதை மாதிரி இருக்கும். ‘மை மதர்ஸ் மதர்ஸ் சன், ஹூ இஸ் ஹீ?’ என்று கேட்டுப் பாருங்கள், ‘மாமா’ என்று கத்துவார்கள்.

*வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ‘மை மதர் இஸ் எ டெய்லர். ஹீ இஸ் குட்’ என்கிறார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் ஹீ, ஷீ மாறி மாறி வருகிறது.*
— வாசகி, திருப்பூர்

‘அப்பா வந்தாங்க. அம்மா வந்தாங்க. தாத்தா வந்தாங்க. பாட்டி வந்தாங்க.’ எங்காவது ஆண், பெண் தெரிகிறதா? பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது மரியாதைதான் நமக்கு முக்கியம், ஆணா பெண்ணா என்பது வினையில் தெரியாது. ‘அவங்க’ என்றால் யாராகவும் இருக்கலாம். தம்பி தங்கையைப் பற்றிப் பேசும்போதுதான் அவன், அவள் வரும். இதை நான் வகுப்பில் சோதித்துப் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் தம்பிக்கு ஹீயும் தங்கைக்கு ஷீயும் சீக்கிரம் சரியாக வந்தன, அம்மாவும் பாட்டியும்தான் ஹீயாக மாறினார்கள். சில பிள்ளைகள் பாட்டியைத் ‘தே’ என்பார்கள். அவர்கள் மரியாதையை விட மனமில்லாமல் சொல்கிறார்கள், அதைப் புரிந்துகொண்டு திருத்த வேண்டும்.

ஆகவே சின்னவர்களிலிருந்து தொடங்குங்கள். தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பாப்பா. ஹீ, ஷீ நாக்கில் படிந்த பிறகு அண்ணன், அக்கா. கடைசியில் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா. ‘அம்மாவை ஷீன்னு சொன்னா மரியாதைக் குறைவு இல்ல, அவங்க பாஷையில ராணிக்கும் ஷீதான்’ என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் பேச்சை வெட்டித் திருத்த வேண்டாம். ‘ஹீ இஸ் குட்’ என்று பிள்ளை சொன்னால், ‘ஓ, ஷீ இஸ் குட்! வாட் டஸ் ஷீ ஸ்டிட்ச்?’ என்று நீங்கள் பேச்சைத் தொடருங்கள். காதில் விழுந்துகொண்டே இருந்தால் வாயில் வரும்.

பெயர் சொல்லும் பயிற்சியிலும் இதே மரியாதை குறுக்கே வரும். ‘வாட் இஸ் யுவர் கிராண்ட்மதர்ஸ் நேம்?’ என்று நான்காம் வகுப்பில் கேட்டேன். ‘ஆச்சி’ என்றாள் ஒருத்தி. ஆச்சியின் பெயர் என்ன என்றேன். ‘ஆச்சிதான் டீச்சர்.’ வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. வீட்டுப்பாடமாகக் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் வந்த சத்தத்தை என்னால் மறக்க முடியாது. ‘டீச்சர், எங்க ஆச்சி பேரு பொன்னுத்தாயி!’ ‘எங்க அம்மாச்சி பேரு மாடத்தி டீச்சர்!’ ஏதோ புதையலைக் கண்டெடுத்தது மாதிரி. ஆச்சி, அம்மாச்சி, அப்பத்தா, அம்மாயி, ஆயா என்று வீட்டுக்கு வீடு வேறு பெயர். எல்லோரும் ‘கிராண்ட்மதர்’ என்று ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். அதனால் அவரவர் பெயரோடு சொல்ல வைப்பது நல்லது. ‘மை கிராண்ட்மதர்ஸ் நேம் இஸ் பொன்னுத்தாய்.’

*இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன், இரண்டாம் வகுப்பு. ஒரு பையனுக்கு அப்பா இல்லை. அம்மா வெளியூரில் வேலை. பாட்டிதான் வளர்க்கிறார். அடுத்த வாரம் குடும்பம் பற்றிய ஆங்கிலப் பாடம் வருகிறது. பாடத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.*
— ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்

விட வேண்டாம் தங்கச்சி. ஆனால் இந்தக் கவலை பாடத்துக்கு முன்னாலேயே உங்களுக்கு வந்தது பெரிய விஷயம். எனக்கு வரவில்லை.

1998. மூன்றாம் வகுப்பு. அப்போதெல்லாம் ‘வாட் இஸ் யுவர் ஃபாதர்?’ என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவோம். ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்’, ‘மை ஃபாதர் இஸ் எ கூலி’ என்று வந்துகொண்டிருந்தது. ஒரு பெண் எழுந்து ‘மை ஃபாதர் இஸ் எ லாரி டிரைவர்’ என்றாள். நல்ல உச்சரிப்பு. பின்னாலிருந்து இரண்டு பேர், ‘டீச்சர், அவங்க அப்பா செத்துப் போயிட்டாங்க’ என்று கத்தினார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் செய்தது, ‘அப்போ இஸ் இல்லம்மா, வாஸ்’ என்று திருத்தியது. ‘மை ஃபாதர் வாஸ் எ லாரி டிரைவர்.’ சொல்லு என்றேன். அவள் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பருவம் முடியும்வரை ஆங்கில வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளையின் வீட்டில் அப்பா இன்னும் ‘இஸ்’ஸாக இருந்தார், அதை நான் எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். அப்பாவிலிருந்து தொடங்க வேண்டாம். ‘ஹூ லிவ்ஸ் இன் யுவர் ஹவுஸ்?’ என்று கேளுங்கள். பாட்டி மட்டும் இருந்தாலும் அதற்கு முழு பதில் உண்டு. ‘மை கிராண்ட்மதர் அண்ட் ஐ.’ வெளியூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாக்கியம் கொடுங்கள். ‘மை மதர் ஒர்க்ஸ் இன் திருப்பூர்.’ உங்கள் மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போன அப்பாக்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். அவர்களுக்கும் இந்த வாக்கியம் வேண்டும். அப்போது அந்தப் பையன் ஒருவன் மட்டும் தனியாகத் தெரிய மாட்டான்.

அப்பா, அம்மா என்று கட்டம் போட்டு வெற்றிடம் விட்ட தாளைக் கொடுக்காதீர்கள். நிரப்ப முடியாத கட்டத்தைப் பிள்ளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். வெறும் தாளைக் கொடுங்கள். 2007இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது சுவரின் கீழ்ப்பக்கம் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அமைத்தார்களே, உங்கள் பள்ளியில் அது இன்னும் இருந்தால் அதில் வரையச் சொல்லுங்கள். யாரை வரைவது என்பது அவர்கள் இஷ்டம். எத்தனை பேர் என்பதும் அவர்கள் இஷ்டம். கதையில் வருகிற ஒரு குடும்பத்தை நடுவில் வைத்துப் பேசுவதும் உதவும். ஃபாதர் என்ற சொல்லை அவனும் கற்க வேண்டுமே, அதை அந்தக் கதையிலிருந்து கற்கட்டும்.

பாடத்துக்கு முதல் நாள், சாப்பாட்டு நேரத்தில், அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். எதையும் தோண்டிக் கேட்க வேண்டாம். ‘நாளைக்கு வீட்டுல உள்ளவங்களைப் பத்திப் பேசப் போறோம். நீ யாரைப் பத்திப் பேசப் போற?’ என்று மட்டும் கேளுங்கள். அவன் பாட்டி என்பான். அல்லது அப்பா என்பான். அப்பா என்று சொல்லி, ‘இஸ்’ போட்டுச் சொன்னால், அப்படியே விட்டுவிடுங்கள்.

என்னுடைய அந்த மாணவி நான்காம் வகுப்புக்கும் என்னிடமே வந்தாள், ஈராசிரியர் பள்ளி அது. தீப்பெட்டி விளையாட்டை அந்த வருடம்தான் ஆரம்பித்தேன். அவள் பெட்டியில் அம்மா, ஒரு தம்பி, அப்புறம் அடியில் மடித்து வைத்த ஒரு தாள். பக்கத்தில் இருந்தவள் தட்டைக் கடைசிவரை இழுத்து ‘ஹூ இஸ் திஸ்?’ என்றாள். லாரியும் அதில் ஓர் ஆளும் வரைந்திருந்தது. ‘திஸ் இஸ் மை ஃபாதர். ஹீ இஸ் எ லாரி டிரைவர்’ என்றாள். நான் அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

உங்கள் பையன் யாரை வரைந்தான் என்று பாடம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.